வியாழக்கிழமை மண் வகுப்பு

ஒரு பூந்தொட்டிக்கு என்ன விலை கொடுப்பீர்கள்?

சிமெண்ட் தொட்டி இல்லை. பிளாஸ்டிக்கும் இல்லை. கையால் செய்த சுடுமண் தொட்டி. சுற்றிலும் பின்னல் பின்னலாக வேலைப்பாடு. என்ன இருந்தாலும் அதற்குள் மண்ணைத்தான் கொட்டப் போகிறோம். செடி வைத்து, தண்ணீர் ஊற்றி, வெயிலிலும் மழையிலும் போட்டுவைக்கப் போகிறோம். நூறு ரூபாய்? ஐந்நூறு? சரி, போனால் போகிறது, ஆயிரம்?

இங்கிலாந்து ஏலக்கடைகளில் இப்படிப்பட்ட தொட்டிகளை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிப் போகிறார்கள். ரூபாய் இல்லை, பவுண்ட். அடிப்பக்கம் கவிழ்த்துப் பார்த்தால் 'பாட்டர்ஸ் ஆர்ட்ஸ் கில்ட், காம்ப்டன், கில்ட்ஃபோர்ட்' என்று முத்திரை இருக்க வேண்டும். அந்த முத்திரைக்குத்தான் அவ்வளவு மவுசு.

முத்திரைக்குப் பின்னால் இருப்பது ஓர் இடுகாட்டின் கதை.

காம்ப்டன் ஒரு கிராமம். லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில், கில்ட்ஃபோர்ட் நகரத்தை ஒட்டி இருக்கிறது. 1890-களின் நடுவில் ஊருக்கு ஒரு பிரச்னை வந்தது. சர்ச்சைச் சுற்றியிருந்த பழைய கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லை. ஊர் கவுன்சில் கூடிப் பேசி, பக்கத்துக் குன்றுச் சரிவில் புதுசாக ஒரு இடத்தை வாங்கியது. இடம் வாங்கினால் போதுமா? இறுதிச் சடங்கு நடத்த ஒரு சிற்றாலயம் வேண்டுமே. அதற்குக் காசுக்கு எங்கே போவது?

ஊருக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஒரு அம்மாள் முன்வந்தார். 'நான் கட்டித் தருகிறேன்' என்றார். அவர் பெயர் மேரி. ஆர்க்கிடெக்ட் அல்ல. அதுவரை ஒரு கோழிக்கூண்டுகூடக் கட்டியவர் அல்ல. ஆனால் வரைவார், களிமண்ணில் உருவம் பிடிப்பார். செலவை அவருடைய கணவர் பார்த்துக்கொள்வார். வேலையை?

இந்த ஊர்க்காரர்களே செய்வார்கள் என்றார் மேரி.

இந்த மேரி பிறந்தது நம் தேசத்தில். 1849 நவம்பர் 25, அகமத்நகர். இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்களே, மகாராஷ்டிராவில், அதேதான். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். குழந்தையாக இருக்கும்போதே ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். லாக் நெஸ் ஏரிக்கரையில் ஆல்டூரி என்கிற கோட்டை மாதிரியான வீட்டில், தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். ஆமாம், பூதம் இருப்பதாகச் சொல்கிறார்களே, அதே லாக் நெஸ்.

வசதியான குடும்பம். நாலு சகோதரிகள். 1868-ல் ஒயிட் தீவுக்குப் போயிருந்தபோது ஜூலியா மார்கரெட் கேமரான் நாலு பேரையும் பூக்களுக்கு நடுவே நிற்கவைத்து ஒரு புகைப்படம் எடுத்தார். புகைப்படக்கலை வரலாற்றைப் புரட்டினால் முதல் சில பக்கங்களிலேயே வந்துவிடுகிற பெண்மணி இந்த கேமரான். கல்கத்தாவில் பிறந்தவர். கடைசிக் காலத்தில் இலங்கைக்குப் போய், அங்கேயே 1879-ல் இறந்தார். மலையகத்தில், பொகவந்தலாவை சர்ச்சில் அவர் கல்லறை இன்னும் இருக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டம். நம் ஜனங்கள் கொழுந்து பறிக்கிற தோட்டம். அது வேறு கதை, இன்னொரு வாரம் பார்ப்போம்.

மேரி ஓவியம் படித்தார். லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் சேர்ந்தார். சிற்பமும் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதை வைத்து என்ன செய்தார் தெரியுமா? லண்டனின் வொயிட்சாப்பல் பகுதிக்குப் போனார். ஏழைகள் நிறைந்த பேட்டை. அங்கே தெருவில் பூட் பாலிஷ் போடும் பையன்களுக்குக் களிமண்ணில் உருவம் செய்யச் சொல்லிக் கொடுத்தார். பெரிய இடத்துப் பெண்கள் அந்தக் காலத்தில் தர்ம காரியம் செய்வது சகஜம்தான். கம்பளி தருவார்கள், சூப் ஊற்றுவார்கள். மேரி களிமண் கொடுத்தார்.

1886 நவம்பரில், 37-வது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்னால், கல்யாணம். மாப்பிள்ளை ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ். பிரிட்டனின் புகழ்பெற்ற ஓவியர். வயது 69. வித்தியாசம் 32 வருஷம்.

வாட்ஸுக்கு இது இரண்டாவது. முதல் தடவை 1864-ல், எலன் டெர்ரி என்கிற நடிகையை மணந்தார். அவருக்கு 17 முடியவில்லை, இவருக்கு 46. ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. மனுஷர் ராசி அப்படி. ஆனால் கலைஞராக அவர் சாதாரணப்பட்டவர் இல்லை. ராணியம்மா கொடுக்க வந்த பரம்பரைப் பட்டத்தையே இரண்டு தடவை வேண்டாமென்று சொன்னவர். உருண்டை பூமியின்மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஒரே ஒரு தந்தி மிச்சமிருக்கும் யாழை மீட்டும் பெண் - 'ஹோப்' என்கிற அந்த ஓவியம் இவர் வரைந்ததுதான். நம்பிக்கை, காதல், மரணம், பேராசை என்று கண்ணுக்குத் தெரியாத சங்கதிகளையெல்லாம் உருவமாக்கிக் காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை.

அப்பேர்ப்பட்டவரின் நிழலில் இன்னொரு ஓவியர் வளர முடியுமா? மேரி தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். யாரும் வைக்கச் சொல்லவில்லை. அவராகவே, அவருக்கு முன்னால் நான் எம்மாத்திரம் என்று ஒதுங்கிக்கொண்டார். கணவரைக் குறிப்பிடும்போது 'சிக்னோர்' என்பார். இத்தாலிய மொழியில் ஐயா, எஜமான் என்கிற மாதிரி. இப்போது படிக்கும்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் தூரிகையை விட்ட கை சும்மா இருக்கவில்லை. தேனிலவுக்கு எகிப்து, கான்ஸ்டான்டினோபிள், கிரீஸ் என்று போனார்கள். போன இடத்திலெல்லாம் மேரி கோயில் சுவர்களையும் கல்லறை ஓவியங்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். எகிப்தியன் ஏன் வட்டம் போட்டான்? கிரேக்கன் ஏன் பறவையைச் செதுக்கினான்? ஊருக்கு ஊர் சாமி வேறு. ஆனால் சின்னங்கள் ஏன் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கின்றன?

இந்தக் கேள்வியை அவர் விடவே இல்லை.

1890-91-ல் காம்ப்டனில் வீடு கட்டிக்கொண்டு வந்தார்கள். லிம்னர்ஸ்லீஸ் என்று வீட்டுக்குப் பெயர். லண்டன் குளிர்காலப் புகையும் பனியும் கிழவருக்கு ஆகவில்லை, அதனால் கிராமம். வந்த இடத்தில் மேரிக்கு ஒரு புதையல் கிடைத்தது. வீட்டு நிலத்திலேயே நல்ல களிமண்.

இந்த இடத்தில் அன்றைய இங்கிலாந்து கிராமத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1870-களிலிருந்து அங்கே விவசாயம் படுத்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக மலிவு கோதுமை வந்து இறங்கியது. உள்ளூர் விளைச்சலுக்கு விலை இல்லை. வயல் வேலைக்கு ஆள் குறைத்தார்கள். இளவட்டங்கள் நகரத்துக்கு ரயிலேறின. மிச்சமிருந்தவர்கள் சாயந்திரமானால் சாராயக் கடை. இன்னொரு பக்கம், தொழிற்சாலைகள். கைவினைஞன் ஒரு நாளெல்லாம் உட்கார்ந்து செய்வதை மிஷின் ஒரு மணியில் தள்ளியது. ஜான் ரஸ்கினும் வில்லியம் மாரிஸும் இதைப் பார்த்துக் கொதித்தார்கள். கை வேலை செத்தால் மனுஷனும் பாதி செத்துவிடுவான் என்பது அவர்கள் கட்சி. அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள் 1884-ல் ஹோம் ஆர்ட்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரீஸ் அசோசியேஷன் என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஊர் ஊராக ராத்திரி வகுப்பு. மரம் செதுக்கு, கூடை பின்னு, துணி நெய். மேரி அதில் சேர்ந்திருந்தார்.

ஆக, கையில் களிமண். மனசில் சின்னங்கள். ஊருக்கு ஒரு சிற்றாலயம் தேவை. மூன்றும் ஒரு புள்ளியில் சேர்ந்தன.

1895 நவம்பர். இங்கிலாந்தில் அந்த மாதத்தில் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். வியாழக்கிழமைதோறும் சாயந்திரம் லிம்னர்ஸ்லீஸ் வீட்டில் மண் வகுப்பு. யார் வேண்டுமானாலும் வரலாம். முன் அனுபவம் தேவையில்லை. யாருக்கும் இருக்கவும் இல்லை. பகலெல்லாம் வேலை செய்துவிட்டு ஜனங்கள் வந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த வேலையில் கைவைத்திருக்கிறார்கள்.

வேலை எப்படி? மேரி முதலில் மாதிரி செய்வார். அதிலிருந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு. ஊர்க்காரர்கள் களிமண்ணைப் பிசைந்து, அச்சுக்குள் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி நிரப்ப வேண்டும். பொந்து விடக்கூடாது. உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் சூளையில் வெடித்துவிடும். பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சும். மண் லேசாகச் சுருங்கி, அச்சைவிட்டுத் தானாகக் கழன்று வரும். பிறகு கத்தியாலும் குச்சியாலும் கூர்மைப்படுத்துவது. பிறகு நிழலில் காயவைப்பது. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் கோணிக்கொள்ளும். பிறகு சூளை. இதெல்லாம் முடிவதற்குள் ஒரு துண்டு பழைய அளவிலிருந்து கணிசமாகச் சுருங்கிவிடும். ஒரு சுவர் நெடுக நூற்றுக்கணக்கான துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டுமென்றால், இந்தச் சுருக்கக் கணக்கு தப்பக்கூடாது. பானை வனைவதுபோல, 'கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன' என்று விட முடியாது.

இங்கிலாந்துக்கே உரிய இன்னொரு எதிரி, உறைபனி. சரியாக வேகாத மண்ணில் நுண்துளைகள் இருக்கும். மழைத்தண்ணீர் அதற்குள் போகும். குளிரில் உறையும். தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும். அவ்வளவுதான், ஓடு ஓடாக உதிர்ந்துவிடும். நம்மூர் மண்பாண்டம் சந்திக்கவே சந்திக்காத வில்லன் இது. காம்ப்டன் சுவர் 120 வருஷத்துக்கு மேல் அந்தக் குளிரில் நிற்கிறதென்றால், அந்த அமெச்சூர் கும்பல் சூளை வேலையை எவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொண்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்தார்கள்?

கட்டடத்தின் தரைப்படமே ஒரு சின்னம். வட்டத்துக்குள் சிலுவை. வட்டம், தொடக்கமும் முடிவும் இல்லாத நித்தியம். அதை ஊடுருவுகிற சிலுவை, நம்பிக்கை. வெளிச்சுவர்களில் ஜீவ விருட்சம், தேவதை முகங்கள், பறவைகள். நாலு பக்கமும் ஓடுகிற சிற்பப் பட்டைகள்: நம்பிக்கையின் ஆவி, சத்தியத்தின் ஆவி, அன்பின் ஆவி, ஒளியின் ஆவி. எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு ஒரு பின்னல். ஐரிஷ், ஸ்காட்டிஷ் பழங்குடிகளான கெல்ட்டுகளின் முடிச்சு வேலை அது. எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று விரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நம் வீட்டு வாசலில் பாட்டி போடுவாளே சிக்குக்கோலம், கை எடுக்காமல், புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி? கிட்டத்தட்ட அதேதான். சுடுமண்ணில், நிரந்தரமாக.

எகிப்து கொஞ்சம், பைசாண்டியம் கொஞ்சம், கெல்டிக் நிறைய. கிறிஸ்தவ ஆலயம்தான். ஆனால் உலகத்துச் சாமிகளெல்லாம் தங்கள் பங்குக்கு ஒரு கோடு போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கும். இது என்ன, அது என்ன என்று பார்ப்பவர்கள் குழம்பினார்கள். மேரியே பிற்பாடு, 1905 வாக்கில், 'தி வேர்ட் இன் தி பேட்டர்ன்' என்று ஒரு சிறு நூல் எழுதி அர்த்தம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் சினிமாக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்களே, அந்த மாதிரி.

மேரியின் இந்தக் கட்டடம் அழகா என்றால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புகைப்படங்களில் பார்க்கும்போது சில சமயம் திகட்டுகிறது. ஓர் அங்குலம் வெற்றுச்சுவர் விட்டிருக்கலாமே அம்மா என்று தோன்றுகிறது. ஆனால் என்னை உலுக்குகிற விஷயம் வேறு. வியாழக்கிழமை சாயந்திரங்களில் அங்கே உட்கார்ந்து மண் அமுக்கியவர்கள் யாருக்காக அமுக்கினார்கள்? எந்த லார்டுக்காகவும் இல்லை. அது ஊர் இடுகாட்டுச் சிற்றாலயம். நாளைக்குத் தங்களைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வரப்போகிற இடம். அம்மாவை, புருஷனை, தப்பிப் பிறந்து மூன்றாம் மாதம் செத்துப்போன குழந்தையை வைத்து ஜெபம் சொல்லப்போகிற இடம். அந்தச் சுவருக்கான தேவதையின் முகத்தைத்தான் அவர்கள் குச்சியால் தீட்டிக்கொண்டிருந்தார்கள். 'நித்தியம்' என்பதற்கு அவர்களுக்குப் புத்தகத்தில் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

1898 ஜூலை 1-ம் தேதி ஆலயம் பிரதிஷ்டை ஆனது. கிழவர் வாட்ஸ் இதற்காகவே பெரிய மனிதர்களின் உருவப்படங்களை வரைந்து காசு சேர்த்துக் கொடுத்தார், 80 வயதில். உள்சுவர் வேலைகள் இன்னும் ஆறு வருஷம் இழுத்தன. அது மண் இல்லை, கம்பியும் துணியும் வைத்துப் பிளாஸ்டரில் புடைத்தெழ வைத்து, வண்ணமும் பொன்னும் பூசிய தேவதைக் கூட்டம். 1904-ல்தான் முடிந்தது. அந்த வருஷம் வாட்ஸ் பலிபீடத்துக்காக ஒரு படம் வரைந்து கொடுத்தார். சில மாதங்களில் இறந்துபோனார். தேதி ஜூலை 1.

இனிமேல்தான் தொட்டி வருகிறது.

ஆலயத்துச் சுவர் முடிந்துவிட்டது. வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வேலை முடிந்தது. 'ரொம்ப சந்தோஷம், போய் வாருங்கள்' என்று அனுப்பிவிட வேண்டியதுதானே? நாலைந்து வருஷம் கற்றுக்கொண்ட கைகள். அதிலும் சில பையன்களுக்கு மண் நன்றாகவே வசப்பட்டிருந்தது. அவர்களை மறுபடி வயலுக்கோ ரயிலுக்கோ அனுப்ப மேரிக்கு மனசில்லை. சூளை இருக்கிறது, மண் இருக்கிறது, சின்னங்கள் இருக்கின்றன. விற்கிற மாதிரி ஏதாவது செய்யலாம். என்ன செய்யலாம்?

இங்கிலீஷ்காரனுக்குத் தோட்டம் என்பது ஒரு வியாதி. மழையில் நனைந்துகொண்டு ரோஜாவுக்கு உரம் போடுகிற ஜாதி அது. ஆக, தோட்டச் சாமான்கள்! பூந்தொட்டி, பெரிய ஜாடி, சூரியக் கடிகாரத்துக்குப் பீடம், பறவைகள் குளிக்கத் தொட்டி, கல்லறைக்கு நடுகல். சிவப்பிலும் சாம்பலிலும் சுடுமண். ஆலயச் சுவரிலிருந்த அதே கெல்டிக் பின்னல், அதே வட்டம் இப்போது தொட்டியின் விளிம்பில் ஏறியது. பாம்புகூட ஏறியது. காம்ப்டன் 'பாம்பு ஜாடி' இன்றைக்கும் ஏலத்தில் நட்சத்திரம். ஏதேன் தோட்டத்தில் அது பண்ணின காரியத்துக்கு, ஒரு கிறிஸ்தவ அம்மாள் அதைத் திரும்பவும் தோட்டத்துக்குள் விட்டிருக்கிறார்! ஆனால் மேரி பார்த்திருந்த பழைய உலகத்தில் பாம்பு வெறும் வில்லன் இல்லை. தன் வாலைத் தானே கவ்வினால் அதுவும் ஒரு வட்டம்தான்.

1900-ஐ ஒட்டி இது தொழிலாகி, சில வருஷங்களில் 'பாட்டர்ஸ் ஆர்ட்ஸ் கில்ட்' என்று பெயர் பெற்றது. பக்கத்திலேயே 1904-ல் வாட்ஸின் ஓவியங்களுக்காக ஒரு கேலரி கட்டினார்கள். அந்தக் கட்டடத்திலேயே மண் வேலை பழகும் பையன்கள் தங்குவதற்கும் இடம் வைத்தார்கள். உலகத்தில் எந்த ஆர்ட் கேலரியிலாவது குயவர் ஹாஸ்டல் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

சரக்கு போயிற்று. லண்டனில் லிபர்ட்டி கடை காம்ப்டன் தொட்டிகளை எடுத்து விற்றது. 1875-ல் ரீஜண்ட் தெருவில் 'ஈஸ்ட் இண்டியா ஹவுஸ்' என்று பெயர் போட்டு, கீழை நாட்டுப் பட்டும் பாத்திரமும் விற்க ஆரம்பித்து, நாகரிக லண்டனின் ரசனையையே தீர்மானிக்கிற அளவுக்கு வளர்ந்த கடை அது. லிபர்ட்டிக்காக வெள்ளிச் சாமான்களில் கெல்டிக் பின்னல் வரைந்துகொண்டிருந்த ஆர்ச்சிபால்ட் நாக்ஸ், தோட்டத் தொட்டிகளுக்கும் வரைந்தார். பெரிய ஆர்க்கிடெக்டுகள் வாங்கினார்கள். எட்வின் லுட்யன்ஸ் உட்பட. பின்னாளில் டெல்லி ராஷ்டிரபதி பவனைக் கட்டினாரே, அவர்தான். தோட்டக்கலைக் கண்காட்சிகளில் பதக்கங்கள்கூடக் கிடைத்தன.

நான் காமர்ஸ் படித்தவன். ஒரு பொருள் நன்றாக விற்கிறதென்றால் சந்தோஷப்பட வேண்டிய ஆசாமி. ஆனாலும் இந்த இடத்தில் ஒரு நெருடல்.

ரீஜண்ட் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, கேட்டலாக்கைப் புரட்டி, 'இந்த மாடலில் ஆறு அனுப்புங்கள்' என்று சொன்ன சீமாட்டிக்கு, அந்த முடிவில்லாத முடிச்சில் என்ன தெரிந்திருக்கும்? ஃபேஷன் தெரிந்திருக்கும். அந்த வருஷம் கெல்டிக்தான் மவுசு. காம்ப்டன் பையன் கையில் அது இன்னும் இடுகாட்டுச் சுவரின் நித்தியமாக இருந்திருக்கலாம். கடையில் அது டிசைன் நம்பர். முதலில் எல்லோரும் சேர்ந்து தங்களுக்காகச் செய்தது. அடுத்து சிலர் பிறருக்காகச் செய்தது. முடிவில், வேறு யாரோ வரைந்து கொடுத்ததைச் செய்தது. இரண்டே படி. பத்தே வருஷம்.

மேரிக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்கும் சங்கத்துக்கு அந்த வட்டாரத் தலைவராக இருந்தவர். உலகம் தெரியாத பூனை இல்லை. ஒருவேளை, அந்தச் சீமாட்டிக்கு அர்த்தம் புரிந்தால் என்ன, புரியாவிட்டால் என்ன, சனிக்கிழமை பையனுக்குச் சம்பளம் வருகிறதா என்று கணக்குப் போட்டிருக்கலாம். அப்படிப் போட்டிருந்தால் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதே காலத்தில் ஊர் ஊராக ஆரம்பித்த ராத்திரி வகுப்புகளில் எத்தனையோ, நடத்திய சீமாட்டிக்கு அலுத்ததும் மூடப்பட்டன. காம்ப்டன் சூளை அரை நூற்றாண்டு எரிந்தது. சந்தைக்குப் போனதால்தான் எரிந்தது.

எரிந்ததும் சும்மா இல்லை. 1914-ல் யுத்தம் வந்தது. யுத்தத்துக்குப் பிறகு தோட்டத் தொட்டியோடு நினைவுச் சின்னங்களுக்கும் ஆர்டர் வந்தது. 1923-ல் நெருப்புப் பிடித்துப் பட்டறையில் ஒரு பகுதி எரிந்துபோனது. திரும்பக் கட்டினார்கள். 1938 செப்டம்பரில், 88 வயதில், மேரி இறந்தார். அடுத்த வருஷமே இரண்டாம் யுத்தம். அது முடிந்தபோது, பெரிய மாளிகைகளும் அவற்றின் தோட்டங்களும் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டுக்கொண்டிருந்தன. வரி கட்ட முடியவில்லை. பத்துத் தோட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இல்லை. ஜாடி யாருக்கு வேண்டும்? 1950-களின் நடுவில் சூளை அணைந்தது.

மேரியையும் ரொம்ப நாளைக்கு மறந்துதான் போயிருந்தார்கள். மூன்று வால்யூம்களில் கணவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் என்ற அளவில், வாட்ஸின் மனைவி என்று ஒரு வரி. அவ்வளவே. அவருடைய நாட்குறிப்புகள் அச்சில் புத்தகமாக வர 2016 ஆகியது. அதே வருஷம்தான் லிம்னர்ஸ்லீஸ் வீட்டிலிருந்த பழைய ஸ்டூடியோவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

நீங்கள் லண்டனுக்குப் போனால், பையனையோ பெண்ணையோ பார்க்க எப்படியும் போவீர்கள், ஒரு நாள் ஒதுக்கி கில்ட்ஃபோர்ட் ரயிலேறுங்கள். சிற்றாலயத்துக்குள் போகக் காசு கிடையாது. இப்போதும் ஊருக்குச் சொந்தமான இடுகாடுதான். மேட்டில் ஏறும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போங்கள். கருங்கல், சலவைக்கல் நடுகற்களுக்கு நடுவே அங்கங்கே சிவப்புச் சுடுமண் நடுகற்கள் தெரியும். கில்டில் செய்தவை. ஆல்டஸ் ஹக்ஸ்லியின் அஸ்தியும் அங்கேதான், குடும்பக் கல்லறையில். 1963-ல், கென்னடி சுடப்பட்ட அதே தினத்தில் அமெரிக்காவில் இறந்தவர். எட்டு வருஷம் கழித்து அஸ்தியை இங்கே கொண்டுவந்தார்கள். உச்சியில் வாட்ஸும் மேரியும்.

கேலரி கொஞ்ச தூரம்தான். டிக்கெட் உண்டு. காம்ப்டன் தொட்டிகளைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள். நின்று பாருங்கள், தொடத்தான் விட மாட்டார்கள். களைத்துப்போனால் பக்கத்திலேயே ஒரு டீக்கடை இருக்கிறது. பழைய மண் பட்டறையைத்தான் டீக்கடையாக்கியிருக்கிறார்கள்.